எசினாமின் ஊமை டிவி

டெமா,
ஜனவரி 8, 1997

அன்புத் தங்கை எசினாமுக்கு,

நன்றாக எழுந்தாயா? உன்னைச் சுற்றியிருப்பவர்கள் எழுந்தார்களா? ஆற்றங்கரைக் குளிர் உன் நெஞ்சுச் சளிக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே நாங்கள் எழுந்தோம். வடக்கிலிருந்து வரும் புழுதிக்காற்றில் உன் அண்ணி அக்பேனே தும்மிக்கொண்டே எழுந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு நான் சோகாகோபேக்குக் கொடுத்தனுப்பிய டிவி எப்படி ஓடுகிறது? அது கடையில் வாங்கியது அல்ல என்பதை மறந்துவிடாதே. என் பட்டறையில் இரண்டு பழைய டிவிகள் கிடந்தன. ஒன்றில் படம் உண்டு, சத்தம் கிடையாது. மற்றதில் சத்தம் உண்டு, படம் கிடையாது. ஊரில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றிவைத்து, மேலே படமும் கீழே சத்தமுமாகப் பார்க்கிறார்கள். என் தங்கை வீட்டில் அந்தக் கூத்து வேண்டாம் என்று இரண்டையும் பிரித்து ஒன்றாக்கினேன். இந்தக் கை பட்ட டிவி பத்து வருஷம் ஓடும். பின்மூடியின் ஸ்க்ரூக்கள்மேல் அக்பேனேயின் நகப்பாலீஷைத் தடவியிருக்கிறேன். வேறு எந்த மெக்கானிக்காவது திறந்தால் எனக்குத் தெரிந்துவிடும், ஜாக்கிரதை.

இன்னொரு விஷயம். எங்கள் சபை மூப்பர் தமக்லோ உன்னைப் பற்றி மறுபடியும் கேட்டார். மனைவியை இழந்தவர், சொந்தமாக மீன் கோல்டு ஸ்டோர் வைத்திருக்கிறார், சிரிக்கத் தெரியாது என்பதைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெண் கேட்டு, வழக்கப்படி மதுப்புட்டியோடு கதவைத் தட்ட நாள் கேட்கிறார். அப்பா இல்லாத வீட்டில் அந்தப் புட்டியை வாங்க வேண்டியவன் நான். உனக்கும் முப்பது தாண்டிவிட்டது.

நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தமக்லோ வேண்டாம் என்றால் வேறு யாரைக் கைகாட்டினாலும் சரி என்பேன். ஒன்றே ஒன்று: கானா எல்லையில், அஃப்லாவோ கேட்டுக்கு அந்தப்பக்கத்து டோகோ ஆள் மட்டும் வேண்டாம். கேட்டை மூடிவைத்திருந்த வருஷம் லோமேயில் சின்னம்மா கண்ணை மூடினார். நமக்கு ஒரு பிடி மண் போடக் கொடுத்துவைக்கவில்லை. கடைசியில் என்ன கேட்டார், யார் தண்ணீர் கொடுத்தார்கள், இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு இருப்பது ஒரே தங்கை. வாரா வாரம் துணி வாங்க லோமேக்குப் போகிறாய், போ, திரும்பி வா. அதற்குமேல் அந்த ஊரோடு நமக்கு ஒன்றும் வேண்டாம்.

இதை அக்பேகோவின் மினிபஸ்ஸில் அனுப்புகிறேன். டெமாவிலிருந்து அஃப்லாவோ போகும் வழியில் உன் கையில் கொடுப்பான். பதிலையும் அவனிடமே கொடு.

உன் அண்ணன்
செனியோ

*

சோகாகோபே,
பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுந்தோம், அண்ணா. எல்லோரும் நன்றாக எழுந்தோம். சளி விட்டுவிட்டது. அண்ணியின் தும்மல் நின்றதா? வெந்நீரில் இஞ்சி போட்டுக் குடிக்கச் சொல்.

பதில் தாமதமாகிவிட்டது. வியாபாரத்தில் தலை நிமிர நேரமில்லை. டிவி பிரமாதமாக ஓடியது. நீ பெருமைப்பட்டுக்கொள்ளலாம், எப்படியும் பெருமைப்படப்போகிறாய்.

ஒரு சின்ன சந்தேகம். அதன் மூன்று கால் பிளக் சரிப்படவில்லை. அதை எடுத்துவிட்டு, இரண்டு உருண்டைக் கால் உள்ள பிளக்கை மாட்டலாமா? எந்த வயரை எந்தக் காலில் முடுக்குவது? தப்பாக மாட்டினால் வெடிக்குமா?

மூப்பர் தமக்லோவைப் பற்றி யோசிக்கிறேன். அவர் காத்திருக்கட்டுமே. ஐஸில் இருக்கிற மீன்தானே, கெட்டுப்போகாது.

நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

எசினாம்

*

டெமா,
பிப்ரவரி 9

எசினாமுக்கு,

நன்றாக எழுந்தாயா? மீனைப் பற்றி நீ எழுதியதைப் படித்து அக்பேனே சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து வந்து விசாரித்தார்கள். இஞ்சி குடித்தாள், இப்போது எனக்குத்தான் தும்மல்.

பிளக் விஷயம். அதில் மூன்று கால் இருந்தாலும் டிவிக்குள் போவது இரண்டு வயர்தான். எந்த வயர் எந்தக் காலுக்குப் போனாலும் ஒன்றும் வெடிக்காது. நுனியை நன்றாகச் சுரண்டி, முறுக்கி, ஸ்க்ரூவுக்கடியில் இறுக்கிக் கட்டு. செம்புக் கம்பி ஒன்றை ஒன்று தொடாமல் பார்த்துக்கொள்.

அது சரி, நல்ல மூன்று கால் பிளக்குக்கு என்ன கேடு? நம் நாட்டுச் சுவர்களில் மூன்று ஓட்டைதானே இருக்கிறது? சோகாகோபேயில் எவன் உன் தலையில் இரண்டு கால் பிளக்கைக் கட்டினான்? வியாபாரி என்று பெயர், உன்னையே ஏமாற்றுகிறார்கள்.

தமக்லோவுக்கு மே மாதக் கடைசிச் சனிக்கிழமை என்று சொல்லிவைத்திருக்கிறேன். வேண்டாமென்றால் அதற்குள் வாயைத் திறந்து சொல். சும்மா யோசிக்கிறேன் யோசிக்கிறேன் என்று இழுக்காதே.

அண்ணன்

*

சோகாகோபே,
மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? நாங்கள் நலம். தும்மலுக்குத் துளசிமாதிரி ஒரு இலை இங்கே சந்தையில் கிடைக்கிறது, அக்பேகோவிடம் கொடுத்திருக்கிறேன், கொதிக்கவைத்துக் குடி.

பிளக்கை மாட்டினேன். வெடிக்கவில்லை. ஆனால், அண்ணா, கோபித்துக்கொள்ளாதே, டிவிக்கு உடம்பு சரியில்லை. டிவியை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றினேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது. சத்தம் சுத்தமாக இல்லை. ஆள்கள் வாயை வாயை அசைக்கிறார்கள், மீன் மாதிரி. (தமக்லோவின் மீன் அல்ல.) படம் மட்டும் கண்ணாடிபோலத் தெளிவு.

பக்கத்தில் இருப்பவர்கள் வேறு மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றார்கள். என் அண்ணன் கை பட்டதை இன்னொருவன் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நகப்பாலீஷ் அப்படியே இருக்கிறது.

என்ன செய்யலாம் என்று எழுது. அண்ணியின் கையைப் பிடித்து நலம் கேட்டதாகச் சொல்.

எசினாம்

*

டெமா,
மார்ச் 10

எசினாம்,

எழுந்தாயா என்று கேட்கிறேன். நான் எழுந்தேனா என்று கேட்காதே, உன் கடிதம் வந்ததிலிருந்து தூக்கமில்லை. என் கை பட்ட டிவி! இரண்டே மாதத்தில்! இலைக் கஷாயம் கசக்கிறது, இந்தச் செய்தி அதைவிடக் கசக்கிறது.

எப்படித் தூக்கிக்கொண்டு போனாய்? யாராவது கீழே போட்டார்களா? மழையில் நனைந்ததா? உண்மையைச் சொல்.

இப்போது நான் சொல்வதைச் செய். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு முழு நாள் சும்மா விடு. பிறகு பின்மூடியைத் திற. பாலீஷைச் சுரண்ட உனக்கு மட்டும் அனுமதி. பிக்சர் டியூபின் முதுகில் ஒரு தடித்த சிவப்பு வயர் ஒட்டியிருக்கும், அதன் பக்கம் விரலைக் கொண்டுபோகவே கூடாது. ஸ்பீக்கரிலிருந்து வரும் இரண்டு வயரையும் கழற்று. ஒரு டார்ச் பாட்டரியை எடுத்து அந்த நுனிகளில் தொட்டுத்தொட்டு எடு. ஸ்பீக்கர் ‘டுக் டுக்’ என்றால் உயிரோடு இருக்கிறது. பிறகு வயரை மாட்டி, மூடியைப் போட்டுவிட்டு, சத்தக் குமிழை முழுக்கத் திருப்பிக் கேள். கரகரக்கிறதா, இரைகிறதா, ஒன்றுமே இல்லையா? நிறக் குமிழையும் திருப்பிப் பார். ஒன்று விடாமல் எழுது.

தமக்லோ உனக்கு ஒரு பெட்டி கானாங்கெளுத்தி அனுப்பவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நீ பதில் எழுதுகிற வேகத்தைப் பார்த்தால் நீ சரி என்பதற்குள் அது நாறிவிடும்.

அண்ணன்

*

சோகாகோபே,
மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். நீ தூங்கினாயா? அண்ணி தூங்கினாளா? இங்கே எல்லோரும் நன்றாக உண்டு உறங்கி எழுகிறோம்.

சொன்னதெல்லாம் செய்தேன். யாரும் கீழே போடவில்லை, நனையவில்லை, பெற்ற பிள்ளையைப்போல் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஸ்பீக்கர் ‘டுக் டுக்’ என்றது. சத்தக் குமிழை முழுக்கத் திருப்பினால் ‘ஷ்ஷ்’ என்று இரைச்சல் மட்டும். நிறக் குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுமில்லை.

ஆனாலும் நீ வருத்தப்படாதே, அண்ணா. ஒன்று சொன்னால் நம்ப மாட்டாய், இந்த ஊமை டிவியைப் பார்க்கத்தான் முற்றத்தில் கூட்டம் முட்டுகிறது. எங்கள் முற்றத்தில் ஒருவர் இருக்கிறார். அவர் டிவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் குரல் கொடுக்கிறார். நேற்று ஒரு மந்திரி பாலம் திறந்தார். மந்திரி வாயை அசைக்க இவர் பேசுகிறார்: “மக்களே! இந்தப் பாலத்தை நான் கட்டலை, என் மச்சான் கட்டினான். அதனால யாரும் இதுல நடக்காதீங்க. பேசாம நீந்திப் போங்க!”

கால்பந்தில் நடுவர் மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினார். “தம்பி, இது என் வீட்டு விலாசம். ஆட்டம் முடிஞ்சதும் சாப்பிட வந்துடு.” பீன்ஸ் விற்கிற அக்கா சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கொதிக்கிற எண்ணெயில் போட்டுவிட்டாள்.

வானிலை சொல்கிற அம்மாள் வந்தால் இவர் குரல் தேனாகிவிடும். “நாளைக்கு மழை வரும். வராட்டி நாளன்னிக்கு வரும். எசினாம் துணி காயப்போட்டா கண்டிப்பா வரும்.” அந்த அம்மாளுக்குப் பின்னால் இருக்கிற ஒல்லிக்குச்சி வரைபடத்தில் மழை பெய்ய இடம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். முற்றமே கைதட்டியது.

எனக்கு இவ்வளவு சிரித்துப் பழக்கமில்லை, அண்ணா. விலா வலிக்கிறது.

டிவியை எப்படிச் சரிசெய்வது என்று எழுது. அவசரமில்லை.

எசினாம்

*

டெமா,
ஏப்ரல் 7

தங்கை எசினாமுக்கு,

நன்றாக எழுந்தாயா? எங்கே எழுந்தாய்?

உன் கடிதத்தை அக்பேனே உரக்கப் படித்தாள். மந்திரிக்கு ஒரு குரல், நடுவருக்கு ஒரு குரல் என்று நடித்தே காட்டினாள். நானும் சிரித்தேன். வானிலைக்கு வந்ததும் நிறுத்தி, “ஏங்க, கானா வரைபடம் எப்பங்க இளைச்சுச்சு?” என்றாள்.

நம் நாடு பெட்டிமாதிரி அகலமானது என்று பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ஒல்லிக்குச்சியாக நெட்டுக்கு நிற்பது டோகோ. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. என்ன முட்டாள் நான்! நிறமும் சத்தமும் ஒரே நாளில் போய், படம் மட்டும் கண்ணாடியாக நிற்கிற நோய் எந்த டிவிக்கும் கிடையாது, ஒன்றைத் தவிர. நம் நிலையம் படத்துக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் சத்தத்தை வைத்து அனுப்புகிறது. லோமே நிலையம் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்து அனுப்புகிறது. நிறத்தை அனுப்பும் முறையும் வேறு. நம் டிவி அந்த ஊருக்குப் போனால் படத்தைப் பிடிக்கும், நிறத்தையும் சத்தத்தையும் கோட்டைவிடும். அந்த ஊர்ச் சுவர்களில் இரண்டு உருண்டை ஓட்டை. உன் கடிதத் தாளில் மாவு ஒட்டியிருக்கிறது, புது ரொட்டி வாசனை அடிக்கிறது. அக்பேகோவைப் பிடித்து உலுக்கினேன். “நான் வண்டி ஓட்டறவன், மாஸ்டர், வானொலி இல்லே” என்கிறான். அவனுக்கும் ரொட்டி கொடுத்திருக்கிறாய்.

நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. இதோடு அனுப்பும் டப்பாவில் பஞ்சு சுற்றி மூன்று கால் உள்ள மஞ்சள் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன், பீன்ஸ் விதை அளவுதான் இருக்கும். சத்தத்தைப் பிரித்தெடுக்கிற பில்டர் அது. டிவிக்குள் அதேமாதிரி ஒன்றுக்குப் பக்கத்தில் நான் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். அதை ஈயம் உருக்கி எடுத்துவிட்டு இதைப் பொருத்து. பக்கத்தில் இருக்கும் சுருளின் நடுமரையைப் பிளாஸ்டிக் குச்சியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பு. உனக்குக் கை நடுங்கினால் அந்த வாய்க்காரரிடம் கொடு.

ஒன்று தெரிந்துகொள். இந்தத் துண்டு சோகாகோபேயில் வேலை செய்யாது. லோமேயில் மட்டும்தான் சத்தம் வரும்.

பொருத்திவிட்டுச் சத்தம் வந்ததா இல்லையா என்று எழுது. தமக்லோவுக்கு நான் என்ன சொல்வது என்பது அதைப் பொறுத்தது. பொய் எழுதாதே, அவ்வளவுதான் கேட்கிறேன்.

செனியோ

*

டெமா,
மே 12

எசினாம்,

எழுந்தாயா? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

டப்பா வந்ததா? கையில் கொடுத்துவிட்டதாக அக்பேகோ சத்தியம் செய்கிறான். ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று. நாற்காலிக்கும் பந்தலுக்கும் சொல்லியாகிவிட்டது. தமக்லோ புதுத் துணி தைக்கக் கொடுத்திருக்கிறார்.

கோபத்தில் எழுதவில்லை. ஒரு வரி போதும்.

அண்ணன்

*

லோமே,
மே 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

சத்தம் வந்துவிட்டது.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு ஐந்து நாள் மடித்து வைத்திருந்தேன். இப்போது மீதியை எழுதுகிறேன். மேலே ஊர்ப்பெயரைப் பார். அதை எழுதியதும் நிம்மதியாகிவிட்டது.

ஜனவரிக் கடைசியில் இங்கே வந்துவிட்டேன். சந்தையில் ஒரு துணிக்கடை எடுத்தேன். தங்க ஒரு அறை, கொஜோவியாகோபேயில், எல்லை வேலியிலிருந்து கூப்பிடு தூரம். முன்பக்கம் ரொட்டிக்கடை. கடைக்காரர் பெயர் ஃபோலி. டிவிக்குக் குரல் கொடுக்கிறவர் அவர்தான். மாவு பிசைந்த கை, ஈயம் வைக்கும்போது நடுங்கவே இல்லை.

அண்ணா, நீ என்னை அடிப்பாய் என்று நான் பயப்படவில்லை. நீ அழுவாய் என்று பயந்தேன். சின்னம்மா போன சேதி பத்து நாள் கழித்து வந்தபோது நீ பட்டறையில் உட்கார்ந்து அழுததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதனால்தான் கடிதத்துக்குக் கடிதம் சோகாகோபே என்று எழுதினேன்.

டப்பா வந்த அன்று உன் கடிதத்தை ஃபோலியிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்தார். பஞ்சைப் பிரித்து அந்த மஞ்சள் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இதைப் பொருத்தாம விட்டாலும் சரிதான், எசினாம். உங்கண்ணன் மனசு நோக வேணாம். டிவி ஊமையாவே இருக்கட்டும், நான் ஆயுசு முழுக்கப் பேசறேன். எனக்கு ஒண்ணும் வாய் வலிக்காது” என்றார்.

அவர் அப்படிச் சொல்லியிராவிட்டால் ஒருவேளை பொய் எழுதியிருப்பேன். மூன்று வாரம் டப்பாவை மூடிவைத்துவிட்டு, ஒருநாள் நானே எடுத்துக் கொடுத்து, “பொருத்துங்க, சத்தம் வரட்டும்” என்றேன்.

மரையைத் திருப்பத் திருப்ப இரைச்சல் குறைந்து, சடாரென்று ஒரு ஆள் பிரெஞ்சில் பேசினார். முற்றம் முழுவதும் ஒரு நிமிஷம் கேட்டது. பிறகு பீன்ஸ் அக்கா எழுந்து, “என்னய்யா இது, இந்தாளு ரொம்ப அறுக்கறாரே! பழைய குரலையே போடுங்க!” என்றாள். சத்தத்தை அணைத்துவிட்டோம்.

எனக்கு இவர்தான் வேண்டும், அண்ணா. எனக்கு நீயும் வேண்டும். அவர் டெமாவுக்கு வந்து உன் கதவைத் தட்டத் தயாராக இருக்கிறார். நீ திறப்பாயா?

உன்னுடைய
எசினாம்

*

டெமா,
மே 23

எசினாம்,

நன்றாக எழுந்தாயா? நான் இன்று எழுந்து நிமிர்ந்து நடந்தேன். ஏன் தெரியுமா? என் வேலையில் குறை இல்லை! பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லை தாண்டியும் கண்ணாடிமாதிரிப் படம் காட்டியிருக்கிறது என் டிவி! பார், இரண்டரை மாதம் என் கையைச் சந்தேகிக்கவைத்துவிட்டாய்.

அதைச் சொல்லி முடித்ததும் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். என்னிடம் மறைத்தாயே, எசினாம். அக்பேகோவுக்குத் தெரிந்திருக்கிறது, பீன்ஸ் விற்கிறவளுக்குத் தெரிந்திருக்கிறது, அண்ணனுக்குத் தெரியாது. அக்பேனே, “தெரிஞ்சா நீங்க ஆடற ஆட்டம் அவளுக்குத் தெரியாதா?” என்று உனக்குத்தான் பரிந்து பேசுகிறாள். இருந்தாலும் வலிக்கிறது.

தமக்லோவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஃபிரீசர் மூடிமேல் கை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, “அப்பாடா!” என்றார். “சர்ச் கொயர்ல பாடுற ஒரு அம்மாவை எனக்குப் பிடிச்சுப்போச்சு, அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு முழிச்சிக்கிட்டிருந்தேன், தம்பி. நீங்கதான் நாள் குறிச்சிட்டீங்களே, எப்படி வாபஸ் வாங்கறதுன்னு விட்டுட்டேன்.” அந்த மனுஷர் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன்.

நாற்காலிக்குச் சொல்லியாகிவிட்டது, ஆட்டுக்கறிக்குச் சொல்லியாகிவிட்டது. மே 31 அன்று உன் ரொட்டிக்காரர் அவருடைய பெரியவர்களோடு வரட்டும். கதவைத் திறப்பேன். புட்டியை எடுப்பேனா என்று இப்போது கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

அண்ணன்

*

லோமே,
ஜூன் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமா? அண்ணி நலமா? இங்கே நான் நலம், உன் மச்சான் நலம், டிவிகள் இரண்டும் நலம்.

இரண்டு என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? நீ சீதனமாகக் கொடுத்த காலி டிவிப் பெட்டி, உள்ளே பல்பு மாட்டி முன்னால் கண்ணாடி வைத்துக் கொடுத்தாயே, அதை நீ சொன்னபடி கடைவாசலில் வைத்தோம். விடியற்காலையில் மாவு அதன் சூட்டில் பொங்குகிறது. அப்புறம் ரொட்டியை அடுக்கிவிடுகிறோம். சின்னப் பிள்ளைகள் வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டு, “இன்னிக்கு என்ன படம்?” என்கிறார்கள். “ரொட்டி!” என்கிறார் உன் மச்சான். வியாபாரம் அமோகம்.

பழைய டிவியில் நீ பொருத்தக் கொடுத்த சுவிட்சையும் மாட்டிவிட்டோம். ஒரு பக்கம் தட்டினால் டோகோ, மறுபக்கம் தட்டினால் கானா. கூரைக்குமேல் மூங்கிலில் ஆன்டெனா கட்டியதும் அக்ரா செய்தி நிறத்தோடு வருகிறது.

கதவைத் தட்ட வந்த அந்த நாளை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. இவரும் இவருடைய பெரியவர்களும் மூன்று முறை தட்டியும் நீ திறக்காமல், “யாரு? கரண்டு பில்லா?” என்று கேட்டாயே! ஜின் கொண்டுவர வேண்டிய இடத்தில் இவர் பனைச்சாராயம் கொண்டுவந்ததைப் பார்த்து நம் பக்கத்துப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், ஒரு மிடறு போனதும் மறுபடி கிண்ணத்தை நீட்டினார்கள். நீ உன் டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, “இப்பப் பேசுங்க, பார்ப்போம்” என்றாய். திரையில் யாரோ ஒரு பாதிரியார் வந்தார். இவர் பாதிரியார் குரலில், “அன்பான சகோதரன் செனியோவே, உன் தங்கச்சி இங்க பத்திரமா இருக்கா, நல்லா சாப்பிடுறா, என் ரொட்டியைக் குறை சொல்லிக்கிட்டே சாப்பிடுறா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீ கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு நின்றாய், நான் பார்த்தேன்.

பிறகு வழக்கப்படி புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டாய். “எசினாம், இதை எடுத்துக்கலாமா?” மூன்று முறை கேட்டாய், மூன்று முறையும் ஆமாம் என்றேன். நீ மூடியைத் திறந்தாய். உடனே பட்டறைக்குப் போய்விட்டாய். கண் சிவந்து திரும்பி வந்து, ஈயப் புகை என்றாய். அன்று பட்டறையில் யாரும் ஈயம் வைக்கவில்லை, அண்ணா.

போன வாரம் கேட்டை இரண்டு நாள் மூடிவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, மூன்றாம் நாள் தானாகவே திறந்தது. அந்த இரண்டு நாளும் நீ, “நான் அன்றைக்கே சொன்னேனே” என்று டெமாவில் உட்கார்ந்து மனசுக்குள் கருவிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். அக்பேகோவிடமும் உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

என்னை நீ மூன்று முறை கேட்டாய். உன்னை யாரும் கேட்கவில்லை. நாற்காலிக்குச் சொல்லியாகிவிட்டதே என்று நீ மூடியைத் திறந்திருந்தால் எனக்கு வேண்டாம். அதனால் இப்போது நான் கேட்கிறேன். அண்ணா, எடுத்துக்கலாமா?

உன் எசினாம்

*

டெமா,
ஜூன் 29

அன்புத் தங்கை எசினாமுக்கு,

நன்றாக எழுந்தாயா? உன் வீட்டுக்காரர் எழுந்தாரா? அவர் எழுந்திருப்பார், எனக்குத் தெரியும். நீ ஏழு மணிவரை தூங்குகிறாய் என்பதும் தெரியும். எப்படி என்று சொல்கிறேன்.

கேட் மூடிய செய்தியை ரேடியோவில் கேட்டேன். கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு அக்பேகோ வண்டியில் ஏறிவிட்டேன். அஃப்லாவோவில் சிப்பாய்கள் கேட் பக்கம் அண்டவிடவில்லை. அன்றிரவு வண்டியிலேயே படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் வேலியோரமாக நடந்தேன். உன் மூங்கிலும் ஆன்டெனாவும் அந்தப்பக்கம் தெரிந்தன. தப்பான பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் மேற்கே திருப்பினால் படம் இன்னும் நன்றாக வரும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு தள்ளுவண்டி வந்தது. வேலிக்கு இந்தப்பக்கம் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கம்பி வழியாக ரொட்டி விற்கிறார் உன் ஆள். என்னைப் பார்த்ததும் வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான்தான், “அவ எப்படி இருக்கா?” என்றேன்.

“தூங்கறா, மச்சான். நேத்து பீன்ஸும் வாழைப்பழமும் சாப்பிட்டா. சளி இல்லே. எட்டு மணிக்கு அக்ரா செய்தி போட்டா, பார்த்துக்கிட்டே தூங்கிட்டா. எழுப்பட்டுமா?”

“வேணாம், தூங்கட்டும். நான் வந்தேன்னு அவகிட்ட சொல்லாதீங்க.”

சொல்லவில்லை போலிருக்கிறது. நல்லவர். கேட் திறந்ததும் பேசாமல் ஊர் திரும்பிவிட்டேன். ஒரு வரி எழுதினால்கூட அஃப்லாவோ வரை ஓடிவந்தது தெரிந்துவிடும், அதனால்தான் எழுதவில்லை.

சின்னம்மா போனபோது கேட் மூடியிருந்தது மட்டும் எனக்குக் கஷ்டமில்லை, எசினாம். என்ன ஆயிற்று என்று கேட்டால் சொல்ல அந்தப்பக்கம் எனக்கு ஒரு ஆள் இல்லை. அதுதான் இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்தது. இப்போது கேட் மூடியிருக்கும்போதே நீ என்ன சாப்பிட்டாய் என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று நான் கிளம்பும்முன் அவர் ஒரு நீள ரொட்டியை எடுத்துக் கம்பி இடுக்கில் விட்டார். பாதியில் சிக்கிக்கொண்டது. அவர் தள்ள, நான் இழுக்க, ஒரு சிப்பாய் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். “எடுத்துக்குங்க மச்சான், ஆறிடும்” என்றார்.

எடுத்துக்கொண்டேன், எசினாம். அங்கேயே வேலியோரம் நின்று முழுசையும் தின்றேன். உப்பு கொஞ்சம் குறைவு, அவரிடம் சொல்லிவிடு.

உன் அண்ணன்
செனியோ